தொழில் வழிகாட்டலின் தந்தை பிராங்க் பார்சன்ஸ் (1854 – 1908)



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதிவிட்டு வீடு திரும்பும்போது உங்களிடம் கேட்கப்படும் முதலாவது கேள்வி, வினாத்தாள் எப்படி இருந்தது என்பதாகும். அடுத்த கேள்வி, உயர்தரத்தில் எந்தத் துறையைத் தெரிவுசெய்யப் போகிறீர்கள் என்பதாகும். முதலாவது கேள்விக்கு எப்படியோ விடை கூறிவிடலாம். இரண்டாவதற்கு விடை கூறப் பலர் தடுமாறுவர். அண்ணன் படித்த துறை, நண்பர்கள் சேரும் துறை, அம்மா ஆசைப்படும் துறை, பாடசாலையில் இடம் கிடைக்கும் துறை எனப் பல காரணங்கள் குறுக்கே வந்து நிற்கும். உங்களுக்கு எது பொருந்தும் என்ற கேள்வியோ பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் இடம்பிடிக்கும்.

இத்தகைய வேளையில் நீங்கள் அணுகக்கூடிய ஒருவரே பாடசாலையின் வழிகாட்டல், ஆலோசனை ஆசிரியர் ஆவார். ஆனால் குழப்படி செய்த மாணவர்களை அனுப்பும் இடம் அவருடைய அறை என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். அந்த வாசலில் நிற்பதை யாராவது கண்டுவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி ஒதுங்கிப் போகிறவர்களும் உள்ளனர். இப்பணி உலகில் எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்துகொண்டால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும். அதன் வரலாறு பிராங்க் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையோடு பிணைந்தது. இதில் வியப்பு என்னவென்றால், பார்சன்ஸ் எந்தப் பாடசாலையிலும் ஆலோசகராகப் பதவி வகித்தவர் அல்லர். தமக்கான தொழிலைக் கண்டடைவதற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அலைந்து திரிந்தவர் அவர்.

பொறியியலாளர், கூலியாள், ஆசிரியர், சட்டத்தரணி

பிராங்க் பார்சன்ஸ் 1854 நவம்பர் 14ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மவுண்ட் ஹொலி என்னும் சிறு நகரில் பிறந்தார். படிப்பில் மிகவும் கெட்டிக்காரர். நீங்கள் இப்போது இருக்கும் வயதளவிலேயே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1873ஆம் ஆண்டு, 18 வயதில், குடிசார் பொறியியலில் பட்டம் பெற்று வெளியேறினார். அமெரிக்காவில் அப்போது புகையிரதப் பாதைகள் நாடெங்கும் அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். பொறியியல் படித்தவருக்கு இதைவிட நல்ல காலம் வேறு இருக்க முடியாது என்றே எவரும் எண்ணியிருப்பர். பார்சன்சும் புகையிரதக் கம்பனி ஒன்றில் பொறியியலாளராகச் சேர்ந்தார்.

அதே ஆண்டில் நிலைமை தலைகீழானது. உள்நாட்டுப் போரின் (1861 – 1865) பின்னர் அளவுக்கு மீறிய கடனில் புகையிரதப் பாதைகள் அமைக்கப்பட்டிருந்தன. 1873 செப்ரெம்பரில், அக்கடன்களைத் திரட்டிக் கொடுத்த ஜே குக் என்பவரின் வங்கி முறிந்தது. நியூயோர்க் பங்குச் சந்தை பத்து நாட்கள் மூடப்பட்டது. புகையிரதக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வங்குரோத்து அடைந்தன. பார்சன்ஸ் வேலை செய்த கம்பனியும் அவற்றுள் ஒன்று. கையில் பட்டம் இருந்தது, வேலை இல்லை. இரும்பை உருக்கி உருட்டும் ஆலை ஒன்றில் சாதாரண கூலியாளாகச் சேர்ந்து பாரம் தூக்கினார்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். பார்சன்சிடம் திறமைக் குறைவு இருக்கவில்லை. சோம்பலும் இருக்கவில்லை. பரீட்சையிலும் அவர் தோற்கவில்லை. தாம் நுழையப்போகும் தொழில் உலகம் எந்த நிலையில் உள்ளது என்பதை அவருக்கு எடுத்துக்கூறத்தான் யாரும் இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் வகுத்த முறையில் தொழில் உலகம் பற்றிய அறிவுக்குத் தனி இடம் கொடுத்தமைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது எமது கருத்து.

ஆலையிலிருந்து விலகிய பார்சன்ஸ், மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் சவுத்பிரிட்ஜ் என்ற ஊரில் ஆசிரியரானார். அங்கே நடைபெற்ற விவாதங்களில் அவர் பேசும் திறனைக் கண்ட சட்டத்தரணி ஒருவர் சட்டம் படிக்கும்படி தூண்டினார். பார்சன்சும் இணங்கினார். பல ஆண்டுகளில் படிக்க வேண்டியதை மிகக் குறுகிய காலத்தில் படித்து 1881இல் சட்டப் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆனால் இரவு பகலாகப் படித்ததில் உடல் நலம் முற்றாகக் குலைந்துபோயிற்று. நியூ மெக்சிக்கோ பிரதேசத்துக்குச் சென்று, திறந்த வெளியில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே அவர் உடல் தேறியது. பரீட்சைக்காக உறக்கத்தை விற்கும் பழக்கம் உங்களிடமும் இருந்தால் இப்பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள்.

உடல் தேறி பொஸ்டன் நகருக்குத் திரும்பிய பார்சன்ஸ் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். அத்தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சட்டப் பாடநூல்கள் எழுதுவதில் ஈடுபட்டார். 1892 முதல் 1905 வரை பொஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் கடமையாற்றினார்.

சமூகச் சீர்திருத்தவாதி

இக்காலப் பகுதியில் அவருடைய உள்ளம் வேறொரு திசையில் சென்றது. தொழிற்சாலை முதலாளிகள் சிலரின் கையில் பெருஞ் செல்வம் குவிவதையும், அவர்களிடம் வேலை செய்வோர் வறுமையில் வாடுவதையும் கண்ட அவர், நீர் விநியோகம், எரிவாயு, மின்சாரம், போக்குவரத்து போன்ற சேவைகள் பொதுமக்களின் உடைமையாக இருக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1895இல் பொஸ்டன் நகர முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டார். மிகச் சொற்ப வாக்குகளே கிடைத்தன. 1897இல் கன்சாஸ் மாநில விவசாயக் கல்லூரியில் பேராசிரியரானார். 1899இல் கல்லூரியை நிருவகித்த அரசியல் அணி மாறியதும் அப்பதவியும் பறிபோனது. தொழிலாளர் கல்விக்காக மிசூரி மாநிலத்தில் அமைந்த ரஸ்கின் கல்லூரியிலும் சிறிது காலம் பணியாற்றிவிட்டு மீண்டும் பொஸ்டனுக்கே வந்து சேர்ந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பொறியியலாளர், கூலியாள், ஆசிரியர், சட்டத்தரணி, நூலாசிரியர், பேராசிரியர், தோல்வியுற்ற வேட்பாளர் என்று அவர் ஏற்ற வேடங்கள் பல. அக்காலத்தில் அவரை அறிந்தவர்கள், பல இடங்களில் கால் வைத்து ஓரிடத்திலும் வேர் விடாதவர் என்று எண்ணியிருந்தால் அது வியப்பன்று. அவர் பெயரை நிலைக்கச் செய்த பணியோ அவர் வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுகளில்தான் நடைபெற்றது.

பொஸ்டனின் வட பகுதியும் மாலை வகுப்பு மாணவர்களும்

அந்தப் பணி பிறந்த சூழலை முதலில் விளங்கிக்கொள்வோம். 1900ஆம் ஆண்டளவில் பொஸ்டன் நகரின் வடமுனைப் பகுதி குடியேறிகளால் நிறைந்திருந்தது. இத்தாலியர், கிழக்கு ஐரோப்பிய யூதர் எனப் பலரும் நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தனர். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்நாட்டின் தொழில்களும் தெரியா. சட்டப்படி 14 வயதுவரை பாடசாலைக்குச் செல்ல வேண்டும். அந்த வயது வந்ததும் பிள்ளைகள் கண்ணில் பட்ட முதல் வேலையில் சேர்ந்துவிடுவர். பத்திரிகை விற்பவர், தந்தி கொண்டு செல்பவர், கடையில் எடுபிடி வேலை செய்பவர் என்று தொடங்கும் அவ்வேலைகள் அடுத்த படிக்கு இட்டுச் செல்வதில்லை. ஒரு வேலை போனால் இன்னொன்று, அதுவும் போனால் மற்றொன்று என்று இளமை கழிந்துவிடும். கிராமத்தில் தந்தையின் தொழிலைப் பார்த்து மகன் பழகிய காலம் முடிந்து, நூற்றுக்கணக்கான புதிய தொழில்கள் தோன்றிவிட்ட நகரத்தில் யாருடைய கையைப் பிடித்து நடப்பது என்று தெரியாத நிலை அது.

இப்பகுதியில் 1901இல் குடிமைச் சேவை இல்லம் என்ற சமூக நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. இதற்குப் பொருளுதவி வழங்கியவர் போலின் அகாசி ஷோ என்ற பெண்மணி. புகழ்பெற்ற இயற்கை விஞ்ஞானி லூயி அகாசியின் மகளாகிய இவர், பொஸ்டனில் பாலர் பாடசாலைகளை நடத்தவும் பெருந்தொகைப் பணம் செலவிட்டவர். இல்லத்தின் பணிப்பாளராக மேயர் புளும்பீல்ட் இருந்தார். தொழிலாளருக்கு மாலை வேளையில் மொழி, வரலாறு, பொருளியல், குடியியல் கற்பிப்பதற்காக 1905இல் அங்கே உழைப்பாளர் நிறுவகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனை நடத்துவதில் முன்னின்றவர்களுள் ஒருவர் பார்சன்ஸ். பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு மாலையில் புத்தகத்துடன் வந்து அமர்ந்த இளைஞர்களை அவர் நாளும் அருகிலிருந்து கண்டார்.

1906இல் பொஸ்டன் பொருளியல் கழகத்தில் இலட்சிய நகரம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி அவர் உரையாற்றினார். இளைஞர் தொழிலைத் தெரிவதற்கு உதவுவதும் அத்தகைய நகரின் கடமை என்று அதில் எடுத்துரைத்தார். உரையைக் கேட்ட புளும்பீல்ட், அடுத்த ஆண்டு, மாலை வேளை உயர்பாடசாலையில் படித்து வெளியேறவிருந்த மாணவர்களுடன் பேசும்படி பார்சன்சை அழைத்தார். பேச்சு முடிந்தது. மாணவர்கள் கலைந்து செல்லவில்லை. தம்மைத் தனியே சந்திக்க நேரம் ஒதுக்க முடியுமா என்று பலர் அவரிடம் கேட்டு நின்றனர்.

பாடசாலை ஆலோசனையின் வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். எந்த அரசாங்கமும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. எந்த நிபுணரும் திட்டம் வரையவில்லை. உங்களைப் போன்ற மாணவர்கள் தாமாகவே முன்வந்து, தம் கதையைக் கேட்க ஒருவர் வேண்டும் என்று கேட்டனர். நேர்காணல்கள் பெருகவே, இதற்கென ஒரு நிலையம் தேவை என உணர்ந்த புளும்பீல்ட் திட்டமொன்றைத் தயாரிக்கும்படி பார்சன்சை வேண்டினார். திருமதி ஷோ பணம் வழங்கினார். 1908 ஜனவரி 13ஆந் திகதி பொஸ்டன் தொழில் பணியகம் திறக்கப்பட்டது. பணிப்பாளரும் ஆலோசகரும் பார்சன்ஸே.

மூன்று படிகள்

வீடு கட்ட நினைப்பவர் வரைபடம் கீறுவார், விவரம் தெரிந்தவரிடம் யோசனை கேட்பார், செலவைக் கணக்கிடுவார். வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் தொழிலைத் தெரிபவரோ தாளும் பென்சிலுமாக ஒருநாள்கூட அமர்ந்து திட்டமிடுவதில்லை. பார்சன்சை உறுத்திய விடயம் இதுவாகும். ஆகவே அவர் ஒரு முறையை வகுத்தார். அது மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, தன்னைப் பற்றித் தெளிவாக அறிதல்: தன் திறன்கள், நாட்டங்கள், ஆசைகள், வசதிகள், குறைபாடுகள், இவற்றுக்கான காரணங்கள். இரண்டாவது, பல்வேறு தொழில்களைப் பற்றி அறிதல்: அவை வேண்டிநிற்கும் தகைமைகள், சம்பளம், சாதகங்கள், பாதகங்கள், எதிர்கால வாய்ப்புகள். மூன்றாவது, இவ்விரு தொகுதி உண்மைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி நியாயமாகச் சிந்தித்தல்.

பரீட்சையில் இவற்றை எழுதும்போது மூன்றாவது படியை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். முதல் இரண்டும் தகவல் திரட்டல் மாத்திரமே. திரட்டியதை வைத்து முடிவெடுப்பது மூன்றாவது படியில்தான். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பதில் பார்சன்ஸ் மிகவும் உறுதியாக இருந்தார். ஒருவர் என்ன தொழில் செய்ய வேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிக்க முடியாது. அவர் தாமே நல்ல முடிவுக்கு வரும் வகையில் பிரச்சினையை அணுகச் செய்வதே ஆலோசகரின் வேலை என்பது அவரது கொள்கை. ஆலோசனைக்கும் அறிவுரைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குமாறு கேட்கப்பட்டால் இக்கருத்தைப் பயன்படுத்தலாம்.

முதற் படிக்காக அவர் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைத் தயாரித்திருந்தார். வருபவர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நேரமெடுத்து, எழுத்தில் விடை தர வேண்டும். உடல்நலம், நித்திரை, ஞாபகசக்தி, வாசித்த நூல்கள், ஓய்வு நேரத்தைக் கழிக்கும் விதம், பணத்தைச் செலவிடும் விதம் என்று அவை நீண்டு செல்லும். ஒரு வினா மிகவும் சுவையானது. பொஸ்டன் நகரச் சிறுவர் எல்லோரையும் ஒன்றுகூட்டி, ஓர் இயற்கை விஞ்ஞானி தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்துவதுபோல அவர்களையும் வகைப்படுத்தினால், நீ எந்தப் பிரிவில் வருவாய் என்பதே அது. தன் குறைகளைத் தானே காண்பது கடினம் என்பதால், கண்ணாடி முன் நின்று தன்னைக் கவனிக்கவும், குடும்பத்தவரிடமும் நண்பர்களிடமும் தன்னைப் பற்றிக் கேட்டறியவும் அவர் பணித்தார். நண்பனிடம் உன் குறைகளைக் கேட்டு வா என்றால் எத்தனை பேர் துணிவோம்?

வைத்தியராக விரும்பிய இளைஞன்

பார்சன்ஸ் தமது நூலில் விவரித்த ஒரு நேர்காணல் இன்றும் பேசப்படுகின்றது. 19 வயது இளைஞன் ஒருவன் வந்து, தான் வைத்தியராக விரும்புவதாகக் கூறினான். அவன் மெலிந்தவன், நோயாளி போன்ற தோற்றமுடையவன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்த சந்திப்பில் ஒருமுறைகூட அவன் முறுவலிக்கவில்லை. கைகொடுத்தபோது அவன் கையில் உயிர்ப்பே இருக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவதைத் தவிர உரையாடத் தெரியவில்லை. படிப்பில் திறமை காட்டியவனும் அல்லன். பத்திரிகை தவிர வேறு வாசிப்பு இல்லை. பணமோ, கைகொடுத்துத் தூக்கிவிடுவோரோ அவனுக்கு இல்லை. ஏன் வைத்தியத் தொழிலைத் தெரிந்தாய் என்று விசாரித்தபோது, அது உயர்ந்த தொழில், மக்களுக்கு உதவலாம் என்பதற்கு அப்பால் அத்தொழிலைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இது உனக்குச் சரிவராது, போய் வேறு வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பார்சன்ஸ் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு இளைஞர்களைக் கற்பனை செய்து பார்க்கும்படி அவனிடம் கூறினார். ஒருவன் உடல் வலிமையும் இனிய பேச்சும் கலகலப்பும் கற்கும் ஆர்வமும் உடையவன். மற்றவனிடம் அவை இல்லை. நோயாளியின் கட்டிலருகே செல்வதற்கு இருவரில் யார் அதிகம் பொருத்தமானவர் என்பதை அவனையே எண்ணிப் பார்க்கச் செய்தார். இளைஞன் முதலாமவனே பொருத்தமானவன் என்பதை ஒப்புக்கொண்டான். பின்னர், கோழி, ஆடு, மாடு வளர்ப்புப் போன்ற, திறந்த வெளியில் உடலுக்கு நலம் தரும் வேலைகளைப் பற்றி ஆராய்ந்து பார்க்கும்படி ஆலோசனை வழங்கினார். பேச்சையும் பழகும் முறையையும் வாசிப்பையும் வளர்த்துக்கொள்ளும்படியும் கூறினார்.

இந்நேர்காணலை வாசிக்கும்போது உங்களுக்கு அந்த இளைஞன்மீது இரக்கம் ஏற்பட்டால் அது நியாயமானதே. ஒரு மணித்தியாலச் சந்திப்பில், முகத்தையும் கைகொடுக்கும் விதத்தையும் வைத்து ஒருவரின் எதிர்காலத்தை எடைபோடுவதை இன்றைய ஆலோசகர் ஏற்கமாட்டார். அவன் ஏன் சிரிக்கவில்லை என்பதையே அவர் முதலில் அறிய முயல்வார். வீட்டில் பசியா, பகல் முழுவதும் செய்த வேலையின் களைப்பா, அறியாத ஒருவர்முன் பேசும் அச்சமா, நீண்ட காலத் துயரமா என்பதைத் தெரியாமல் அவனைப் பற்றி எதுவும் தெரிந்ததாகக் கூற முடியாது. பார்சன்சிடம் இதைவிடப் பாரிய குறையும் இருந்தது. தலையின் வடிவத்தையும் நெற்றியின் அமைப்பையும் பார்த்துக் குணத்தை ஊகிக்கலாம் என்ற, அக்காலத்தில் பரவலாக இருந்த நம்பிக்கையை அவரும் ஓரளவு கொண்டிருந்தார். அந்நம்பிக்கைக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. நம்பத்தக்க உளச்சார்புப் பரீட்சைகள் அப்போது இருக்கவில்லை என்பது அவர் தரப்பில் சொல்லக்கூடிய சமாதானம். முன்னோடிகளின் வாழ்க்கையைக் கற்கும்போது அவர்கள் தவறிய இடங்களையும் மறைக்காமல் கற்க வேண்டும்.

எட்டு மாதங்கள்

1908 மே மாதம் முதலாந் திகதி பார்சன்ஸ் பணியகத்தின் முதலாவது அறிக்கையைச் சமர்ப்பித்தார். அதுவரை 80 பேர் ஆலோசனை நாடி வந்திருந்தனர். அவர்களுள் 15 வயதினரும் இருந்தனர். 72 வயது முதியவரும் இருந்தார். தொழில் வழிகாட்டல் என்ற சொற்றொடர் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. இப்பணி ஒரு நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது, பொதுப் பாடசாலைகளின் ஒரு பகுதியாக வேண்டும், அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்றும் அவர் அதில் வலியுறுத்தினார்.

அது நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. சிறுநீரக நோயால் பீடிக்கப்பட்ட அவர் 1908 செப்ரெம்பர் 26ஆந் திகதி, 54ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில், காலமானார். பணியகம் திறந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளையும் கட்டுரைகளையும் நண்பர் ரால்ப் அல்பேட்சன் தொகுத்தார். தொழிலைத் தெரிவு செய்தல் என்ற பொருள்படும் தலைப்பில் 1909இல் அந்நூல் வெளிவந்தது. இன்றும் இத்துறையின் முதல் நூலாக மதிக்கப்படுவது அதுவே.

பாடசாலைக்குள் நுழைந்த ஆலோசகர்

அந்நூல் வெளிவந்த காலத்திலேயே பொஸ்டன் பாடசாலை அதிகாரிகள் தொழில் பணியகத்தின் உதவியை நாடினர். நகரின் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் 117 ஆசிரியர்கள் தொழில் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டனர். இவர்கள் வகுப்பில் கற்பித்துக்கொண்டே இப்பணியையும் ஆற்றினர். பாட ஆசிரியர் ஒருவரே வழிகாட்டல் பொறுப்பையும் சுமக்கும் நிலை இன்றும் பல நாடுகளில் உண்டல்லவா? அந்தச் சுமையின் வரலாறு இவ்வளவு பழையது. பணியகத்தைத் தொடர்ந்து நடத்திய புளும்பீல்ட், 1911இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான பாடநெறியைக் கற்பித்தார். 1910இல் பொஸ்டனில் தேசிய மாநாடு நடைபெற்றது. 1913இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் தேசிய தொழில் வழிகாட்டல் சங்கம் உருவாயிற்று.

கிராண்ட் ரப்பிட்சுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பார்சன்ஸ் பொஸ்டனில் மாணவர்களைச் சந்தித்த அதே 1907இல் அந்நகர உயர்பாடசாலையின் அதிபராகச் சென்ற ஜெசி டேவிஸ், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தின் ஊடாகவே வழிகாட்டலைப் புகுத்தினார். மாணவர் தம் இயல்பைப் பற்றியும் விரும்பும் தொழிலைப் பற்றியும் கட்டுரை எழுதினர். ஆகவே பாடசாலை வழிகாட்டலின் முன்னோடி யார் என்ற வினாவுக்கு டேவிஸ் பெயரைச் சிலர் கூறுவதும் பிழையன்று. பார்சன்ஸ் முறையை வகுத்தவர்; டேவிஸ் வழிகாட்டலைப் பாடசாலையின் அன்றாட வேலையில் சேர்த்தவர் என்று வேறுபடுத்தி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் இப்பணி விரிந்தது. 1942இல் காள் றொஜேர்ஸ் எழுதிய நூல், ஆலோசனை நாடி வருபவரின் உணர்வுகளை மதித்துச் செவிமடுப்பதை முதன்மைப்படுத்தியது. சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியதைத் தொடர்ந்து, அமெரிக்கா 1958இல் இயற்றிய கல்விச் சட்டத்தின் கீழ்ப் பாடசாலை ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பெருமளவு பணம் ஒதுக்கப்பட்டது. தொழிலைத் தெரிய உதவுபவராகத் தொடங்கிய ஆலோசகர், கற்றலில் உள்ள தடைகள், நட்பில் ஏற்படும் முறிவு, குடும்பத் துயரம், பரீட்சைப் பயம் ஆகியவற்றிலும் துணை நிற்பவரானார். எமது வழக்கில் உளவளத்துணை என்று இதைக் குறிப்பிடுவது மிகவும் பொருத்தமானது. வளம் மாணவரின் உள்ளத்திலேயே இருக்கின்றது. மற்றவர் துணை மட்டுமே என்பதை அச்சொல் காட்டிவிடுகின்றது.

நீங்கள் ஆலோசனை ஆசிரியரிடம் கூறும் விடயங்களை அவர் மற்றவரிடம் கூறமாட்டார். இது இத்தொழிலின் அடிப்படை விதி. உங்கள் உயிருக்கோ மற்றொருவர் உயிருக்கோ ஆபத்து இருப்பதாகவோ, ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாகவோ தெரிந்தால் மாத்திரம் உரியவர்களுக்கு அறிவிக்கும் கடமை அவருக்கு உண்டு. தம்மால் தீர்க்க முடியாத உளநலப் பிரச்சினையாயின் வைத்தியரிடமோ வேறு நிபுணரிடமோ ஆற்றுப்படுத்துவார். புள்ளி குறைந்தமைக்காக ஏசுவதோ தண்டனை வழங்குவதோ அவருடைய கடமைகளுள் அடங்கா.

துறை தெரிவு பற்றிப் பேசச் செல்வதானால் வெறுங் கையுடன் செல்லாமல், பார்சன்ஸ் கேட்டதைப் போன்று ஒரு தாளை எழுதிக்கொண்டு செல்லுங்கள். எந்தப் பாடத்தைப் படிக்கும்போது நேரம் போவது தெரிவதில்லை, எதைத் தள்ளிப் போடுகின்றீர்கள், வீட்டின் பொருளாதார நிலை எத்தனை ஆண்டுப் படிப்பைத் தாங்கும், விரும்பும் தொழிலைச் செய்யும் ஒருவரையாவது நேரில் கண்டு பேசியிருக்கின்றீர்களா என்பவை அதில் இருக்கட்டும். கடைசி வினாவுக்கு இல்லை என்று எழுத நேர்ந்தால், வைத்தியராக விரும்பிய அந்த இளைஞனும் அதே விடையைத்தான் வைத்திருந்தான்.

பயிற்சி

1. தொழில் தெரிவுக்கெனப் பிராங்க் பார்சன்ஸ் வகுத்த மூன்று படிகளையும் உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரின் துறை தெரிவுக்குப் பொருத்தி விளக்குக.

2. 19 வயது இளைஞனின் நேர்காணலில் பார்சன்ஸ் சரியாகச் செய்த ஒன்றையும் தவறாகச் செய்த ஒன்றையும் காரணத்துடன் குறிப்பிடுக.

3. அந்த இளைஞன் இன்று உங்கள் பாடசாலை ஆலோசனை ஆசிரியரின் அறைக்கு வந்தால், ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய வினா எதுவாக இருக்கும்?